எல்லாரும் எழுந்து நிற்கையில்

காலி மண்டபத்தில் மூன்றாம் கேமராவின் படம் ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. மேசைக்காரருக்கு அதுதான் விளங்கவில்லை.

காலை ஏழரைக்கே மண்டபத்தைத் திறக்கச் சொல்லி, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவரே நடந்து பார்த்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மேடைப் படியில் ஏறி இறங்கினார். குனிந்தார், நிமிர்ந்தார், ஐம்பத்தோரு வயதில் இரண்டு தடவை குதித்தும் பார்த்தார். பின்கோடியில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னாள்.

"இருக்கு."

"இப்ப?"

"இருக்கு."

"குதிக்கும்போது?"

"அப்பவும் இருக்கு. நீங்க மூச்சு வாங்கறதுகூடப் படத்துல தெரியுது. போதும், இறக்கி வைங்க. இடுப்பு பிடிச்சுக்கிட்டா நான்தான் தைலம் தேய்க்கணும்."

மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றி நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்த்தாள். "சார் என்னத்தைத் தொலைச்சுட்டுத் தேடறாரு?" என்று கேட்டாள்.

"என் தம்பியோட வேலையை" என்றாள் மனைவி.

அவர்கள் செய்வது நேரலைத் தொழில். பட்டமளிப்பு, விளையாட்டுப் போட்டி, இரங்கல் கூட்டம், எதுவானாலும் நான்கு கேமராவோடு போய் இறங்கி, வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கும்படி அனுப்புவார்கள். நான்கு படமும் ஒரு மேசைக்கு வந்து சேரும். எந்த நொடியில் எந்தப் படம் வெளியே போக வேண்டும் என்று அந்த மேசையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் என்பதால்தான் அவருக்கு மேசைக்காரர் என்று பெயர். மனைவிக்குச் சத்தம். மைக் எல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாம் கேமரா அவள் தம்பி கையில். மேசைக்காரருக்கு அவன் மச்சான். ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கெல்லாம் அவன் வெறும் 'மூணு'. "மூணு வர்றானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சிலர் விழாவையே ஒப்படைப்பார்கள்.

மற்ற மூன்று கேமராக்களுக்கும் கேபிள் உண்டு. நின்ற இடத்தில் நிற்கும், நான்காவதுக்கு ஆள்கூட வேண்டாம். மூன்றாவது மட்டும் கூட்டத்துக்குள்ளே நடக்கும். அழுகிறவர் முகத்துக்குப் பக்கத்தில் போகும், ஜெயித்தவன் பின்னாலேயே ஓடும். கேபிளை இழுத்துக்கொண்டு அப்படியெல்லாம் போக முடியாது. அதற்காகத்தான் போன வருஷம் கண்காட்சியில் அந்த இரண்டு டப்பாக்களை வாங்கினார்கள். சோப்பு டப்பா அளவில் ஒன்று கேமராவின் முதுகில் இருக்கும், அனுப்புகிற டப்பா. கொம்பு கொம்பாக நான்கு ஆன்டெனாவோடு மேசைமேல் இருப்பது வாங்குகிற டப்பா. நடுவில் கம்பி கிடையாது, காற்றுதான். இரண்டுக்கும் இடையிலான பேச்சு அறுந்துபோனால், வாங்குகிற டப்பா பாதிப் படத்தைக் காட்டிக்கொண்டிருக்காது. படத்தை மொத்தமாகக் கறுப்பாக்கிவிட்டு, தன் ஜோடியைத் தேடிப் பிடித்து, அதுதானா என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் மறுபடி காட்டும். இதற்கு இரண்டு நொடி ஆகும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இரண்டு நொடி என்பது, தாய் மேடையேறுகிறாளே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரோ கண்ணைப் பொத்துவதுபோல.

மூன்று தடவை அப்படிப் பொத்தியது. ஓய்வு பெறும் தலைமையாசிரியை வணக்கம் சொன்னார், பள்ளிக்கூடமே எழுந்து நின்று கைதட்டியது, அவர் முகம் உடைந்த அந்த நொடியில் படம் கறுத்தது. கூடைப்பந்து இறுதிப் போட்டியில் கடைசிப் பந்து வளையத்துக்குள் போனபோது கறுத்தது. ஒரு மருத்துவரின் இரங்கல் கூட்டத்தில், மௌனம் காக்க எல்லாரும் எழுந்தார்கள். மருத்துவரின் வயதான அப்பா மட்டும் எழ முடியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு தவித்தார். மூணு அதைச் சரியாகக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் மண்டியிட்டான். மேசைக்காரர் பொத்தானை அமுக்கினார். கறுப்பு.

ஒத்திகையில் கறுக்கவில்லை, சாதாரண நேரத்தில் கறுக்கவில்லை, உச்சமான நொடியில் மட்டும் கறுக்கிறது. டப்பாவுக்கு உச்சமான நொடி எது என்று எப்படித் தெரியும்? மனிதனுக்குத்தானே தெரியும். ஆகவே தப்பு மனிதனிடத்தில்தான் என்று அவர் முடிவு கட்டினார். பரபரப்பில் மச்சானின் கை நடுங்கி, டப்பாவுக்குப் போகும் குட்டி ஒயரை அசைத்துவிடுகிறது. வேலை செய்யும்போது ஐந்து பேருக்கும் காதில் ஹெட்போன் இருக்கும், ஒருவர் பேசினால் ஐந்து பேருக்கும் கேட்கும். அந்த ஹெட்போனில் அன்றைக்கு அவர் கேட்டார்:

"கை நடுங்குதாடா உனக்கு?"

கூட்டம் முடிந்ததும் மச்சான் லென்ஸைத் துடைத்தான், கேமராவைப் பெட்டியில் வைத்தான், கொக்கியைப் போட்டான்.

"நீங்க சொல்றது சரிதான் அத்தான். எல்லாரும் எழுந்ததும் எனக்கு நெஞ்சு படபடங்குது. கைதான் போல."

அதற்குப் பிறகு மூன்றாம் கேமராவைக் கேபிளில் கட்டி ஒரு மூலையில் நிறுத்தி, கூலிக்கு ஓர் ஆளை வைத்தார்கள். படம் கறுக்கவே இல்லை. கறுக்காதது மச்சானுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நான்கு மாதம் அவன் கேமராவைத் தொடவில்லை. வரும் திங்கட்கிழமை பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேரப்போகிறான். அதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் மேசைக்காரர் டப்பாவை மறுபடி மாட்டிக் காலி மண்டபத்தில் குதித்தார்.

மேசைக்காரருக்குத் தூக்கம் கெட்டது அதனால் மட்டும் இல்லை. அவர் வயிற்றில் இன்னொன்று கிடந்தது.

அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மனைவி முட்டையை அவித்து இறக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஒவ்வொன்றாகத் தோலுரித்தாள். மச்சான் ஜன்னலோரம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"கண்காட்சிக்கு நாளைக்குக் கடைசி நாள்" என்றாள். "ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. வேற டப்பா பாருங்க."

"நான் எதுக்குக்கா? திங்கக்கிழமையிலேருந்து எனக்கும் டப்பாதான். அட்டை டப்பா. அது பாட்டுக்குக் கிடக்கும், கறுக்காது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. திங்கக்கிழமை வரைக்கும் நீ என் தம்பிதானே? போ."

"அத்தானே போதும். போன வருஷமும் அவரே தனியாப் போய்ப் பாத்துட்டு வந்தாரு."

"ஆமா, நீ எழுதிக் குடுத்த பன்னெண்டு கேள்விக்கும் டிக் போட்டுட்டு வந்தாரு." அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். "இந்தாங்க. அதே தாளையே கொண்டுபோங்க. ஒண்ணு விடாம பாக்கற ஆளு நீங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். அவர் உறையைப் பிரித்துத் தாளை எடுத்தார்.

மச்சானின் கையெழுத்து சின்னதாக, நேராக இருந்தது. விற்கிறவன் காட்டுவதைப் பார்க்கக் கூடாது, நமக்கு வேண்டியதைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது அவன் கட்சி. முதல் கேள்வி: அவர்களுடைய புதுக் கேபிளை எடுத்துவிட்டு, நாம் கொண்டுபோகும் பழைய கேபிளைச் செருகிப் பார்க்கணும். இரண்டு: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி கொடுத்தால் எத்தனை நொடியில் படம் வருகிறது? மூன்று: ஞாயிற்றுக்கிழமை பழுதானால் யார் போன் எடுப்பார்? அந்த நம்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே நின்று அடித்துப் பார்க்கணும். ஏழு: கேமராவோடு நாற்பது அடி நடக்கணும், நடுவில் நிறைய ஆட்களை நிற்க வைத்துப் படம் வருதா என்று பார்க்கணும்.

பன்னிரண்டுக்கும் நேராக ஒரு டிக். முதல் மூன்று டிக் மட்டும் கோணலாக இருந்தன. அவை கண்காட்சியில் நின்றுகொண்டே, தொடையில் தாளை வைத்துப் போட்டவை. மற்ற ஒன்பதும் அச்சடித்ததுபோல் ஒரே சாய்வில் இருந்தன. அவை வெளியே தேநீர்க் கடை மேசையில், ஒரே மூச்சில் போட்டவை. கோணலுக்கும் நேருக்கும் உள்ள வித்தியாசம் இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் என்பதால் கண்காட்சியில் கூட்டம் குறைவு. தரை முழுக்க விரித்திருந்த கம்பளம் நனைந்த செருப்புகளால் சாம்பல் நிறமாகியிருந்தது. அரங்கு அரங்காகக் கருவிகள், ஒவ்வொரு திரையிலும் யாரோ ஒரு பெண் பழத்தட்டுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எல்லாரும் பழமே காட்டறாங்க தெரியுமா அத்தான்?"

"நிறம் நல்லா தெரியும்."

"அதுவும் சரி. பழம் ஆடாது, அசையாது, குறை சொல்லாது. நம்ம வேலையில எப்பவாவது பழத்தைக் காட்டியிருக்கோமா?"

நான்கு மாதத்துக்குப் பிறகு மச்சான் தொழில் பேசுகிறான். மேசைக்காரர் காது கொடுத்துக் கேட்டார். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. எந்த அரங்குக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போனான். ஒயர்கள் எங்கே போகின்றன என்று பார்த்தான். காற்றோட்டத் துளையில் கையை வைத்துச் சூடு பார்த்தான். ஓர் அரங்கில் சின்ன மின்விசிறி ஒன்று மேசைக்கு அடியில் கருவியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. "இந்த ஃபேனும் சேத்துத்தான் விக்கறீங்களா?" என்று கேட்டான். விற்கிறவர் முகம் போன போக்கைப் பார்த்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் போன வருஷம் டப்பா வாங்கிய அரங்கு இதே வரிசையில்தான் இருந்தது. அடுத்த வரிசைக்குப் போகலாம் என்று மச்சானின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது.

"சார்! நம்ம சார்!"

விற்பனைக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். ஆயிரம் முகம் பார்த்தவர், ஒரு முகத்தையும் மறக்காதவர். "தம்பி யாரு, கூட வேலை பாக்கறவரா? தம்பி, உங்க சார் மாதிரி ஆளை நான் பாத்ததே இல்ல. போன வருஷம் இங்கதான், இந்த நாற்காலியிலதான் உக்கார வச்சேன். பின்னாடி பத்து கம்பெனிக்காரங்க நின்னுட்டிருந்தாங்க. ரெண்டு நிமிஷம் படத்தை மாத்தி மாத்திப் போட்டாரு பாருங்க, எல்லாரும் கைதட்டிட்டாங்க. உடனே வாங்கிக்கறேன்னுட்டாரு!"

"ரெண்டு நிமிஷமா?" என்றான் மச்சான்.

"ரெண்டே நிமிஷம். தொந்தரவே இல்ல. மத்தவங்க வந்து நடந்து காட்டு, நின்னு காட்டுன்னு உயிரை வாங்குவாங்க. சார் மூணே மூணு கேள்வி. விஷயம் தெரிஞ்சவங்க அப்படித்தான்."

மச்சான் மேசைக்காரரைப் பார்க்கவில்லை. குனிந்து கம்பளத்தைப் பார்த்தான். காட்சிக்கு வைத்திருந்த கேமராவின் தாங்கிக்குக் கீழே, விரலளவு கறுப்புக் கேபிள் ஒன்று கம்பளத்துக்கடியில் நுழைந்து ஓடியது. கம்பளம் அந்த இடத்தில் லேசாகப் புடைத்திருந்தது. அவன் செருப்பு நுனியால் அதைத் தடவிக்கொண்டே நான்கைந்து அடி போய், அது மேசைக்குப் பின்னால் போய்ச் சேர்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"பசிக்குது அத்தான்" என்றான்.

கண்காட்சிக் கூடத்தின் பின்வாசலில், சரக்கு இறக்கும் மேடைக்குக் கூரை இருந்தது. மழை விளிம்பில் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கொஞ்சம் தள்ளி, டப்பா விற்கும் அந்த அரங்கின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காட்சிக் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்க நான்கு நாளைக்கு மட்டும் அமர்த்திய கேமராக்காரர்.

மேசைக்காரர் ரொட்டியைப் பிட்டார், வாயில் வைக்கவில்லை.

"அந்தக் கேபிளைப் போன வருஷமே பாத்தேன்டா."

மச்சான் மென்றுகொண்டிருந்தான்.

"கரண்டு ஒயர்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னு சொல்றதும் பொய். நுனியைத் திருகிப் பூட்டற மாதிரி இருந்துச்சு. கரண்டு ஒயருக்கு அது எங்க இருக்கு? படம் கம்பியிலதான் வருதுன்னு தெரிஞ்சுது. கேட்டா, இது தெரியாமயா இவ்வளவு நேரம் கைதட்டு வாங்கினேன்னு ஆயிடும்னு... ஏழாவது கேள்வியை நான் கேக்கல. மத்த எட்டும்கூடக் கேக்கல. வெளிய உக்காந்து டிக் போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"இப்பத்தான். அந்தாளு சொன்னாரே, மூணே மூணு கேள்வின்னு. தாளை அப்பவே பாத்தேன். மூணு டிக் கோணல்." மச்சான் முட்டையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அத்தானின் ரொட்டிமேல் வைத்தான். பழக்க தோஷம். "டிக் போனா போகட்டும் அத்தான். நானும்தான் கேமரா துடைச்சேன்னு துடைக்காம சொல்லியிருக்கேன். ஆனா நான் டாக்டர்கிட்டப் போனேன்."

"எதுக்கு?"

"கைக்கு. நடுக்கத்துக்கு மாத்திரை குடுத்தாரு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நாலு மாசமா முழுங்கறேன். அக்காவுக்குத் தெரியாது. முதல்ல கையை நீட்டச் சொல்லி, மேல ஒரு தாளை வச்சுப் பாத்தாரு. தாள் அசையல. நடுக்கம் ஒண்ணும் தெரியலியேன்னாரு. இல்ல டாக்டர், முக்கியமான நேரத்துல வரும், எங்க அத்தான் பாத்திருக்காருன்னு நான்தான் அடிச்சுச் சொன்னேன்."

எங்க அத்தான் பாத்திருக்காரு. மேசைக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். இவன் டாக்டரிடம் போய் அத்தான் பேச்சுக்காக வாதாடியிருக்கிறான்.

"டேய், நான்..."

"இருங்க. டப்பா கெட்டதா, கை கெட்டதான்னு இன்னும் தெரியாது. நீங்க மன்னிப்பு கேட்டு நான் அழுது, அப்புறம் கைதான் கெட்டதுன்னு ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் அசிங்கம்." கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான். தாளை எடுத்துப் பிரித்தான். "வாங்க. ஏழாவதைக் கேப்போம்."

விற்பனைக்காரர் மழுப்பினார். இங்கே ஒவ்வொரு அரங்கும் ரேடியோ அலை விடுகிறது, காற்றே நெரிசலாக இருக்கிறது, இங்கே சோதிப்பது நியாயமில்லை என்றார். "கல்யாண மண்டபத்துல ஆயிரம் பேர் பையில போன் இருக்குமே, அது நெரிசல் இல்லியா?" என்று மச்சான் கேட்டான். அவர்கள் பின்னாலேயே வந்து சேர்ந்த தொப்பிக்காரர் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. குனிந்து கேபிளைத் திருகிக் கழற்றி ஓரமாகப் போட்டார்.

"நாலு நாளா இதுல கால் தடுக்கிக்கிட்டே இருக்கேன். நானும் இந்தத் தொழில்தான் சார். எனக்கும் தெரிஞ்சாகணும்."

பக்கத்திலேயே சொற்பொழிவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அடுத்த பேச்சுக்காக முப்பது நாற்பது பேர் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். கேமராவைத் தூக்கும் முறை வந்தபோது மச்சான் தயங்கினான். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்தான். பிறகு ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றினான். மேசைக்காரர் போன வருஷம் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். வாங்குகிற டப்பா அவர் கைக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது.

"இருக்கா அத்தான்?" அந்தப் பக்கத்திலிருந்து குரல்.

"இருக்கு."

தொப்பிக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "ஐயா, அம்மா, ஒரு நிமிஷம் எல்லாரும் எழுந்து நில்லுங்க. ஒரு சோதனை."

எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சொற்பொழிவாளர் உள்ளே நுழைந்தார். மொத்தக் கூட்டமும் தனக்காக எழுந்து நிற்பதைக் கண்டு நெகிழ்ந்துபோய், "உக்காருங்க, உக்காருங்க, எதுக்கு இதெல்லாம்" என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"இருக்கா?"

மேசைக்காரர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அத்தான், இருக்கா, இல்லியா?"

"போச்சுடா! கறுத்துப்போச்சு!" நல்ல சேதி சொல்கிறவர்போல் கத்தினார்.

மச்சான் அதோடு விடவில்லை. தன் கைமேல் அவனுக்கு இன்னும் சந்தேகம். கூட்டத்தை உட்காரவைத்து, தொப்பிக்காரர் கையில் கேமராவைக் கொடுத்து, மறுபடி எழச் சொன்னான். கறுத்தது. மூன்றாம் தடவை கேமராவை ஓர் உயரமான நாற்காலிமேல் வைத்து, யாரும் தொடாமல் எல்லாரும் விலகி நின்றார்கள். கூட்டம் எழுந்தது. கறுத்தது. நாற்காலியின் கை நடுங்காது, அதற்கு நெஞ்சும் படபடக்காது. மச்சான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தன் வலது கையைத் தூக்கி, யாரோ கொடுத்த பொருளைப்போல் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

தொப்பிக்காரர்தான் காரணத்தை அவிழ்த்தார். "மனுஷ உடம்புல பெரும்பங்கு தண்ணி சார். இந்த அலை சுவர்ல பட்டாகூடத் திரும்பி எப்படியாவது வந்துடும். தண்ணியில பட்டா அங்கேயே அடங்கிடும். உக்காந்திருக்கும்போது தலைக்கு மேல போகுது. எழுந்துட்டா வரிசை வரிசையா தண்ணிச் சுவர் நிக்குது. போதாததுக்கு எல்லாரும் போனை வேற தூக்கறாங்க."

காலி மண்டபத்தில் குதித்தது மேசைக்காரருக்கு ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தார், ஆட்களைத் தவிர.

"அப்ப, தலைக்கு மேல போகணும்" என்றான் மச்சான். வாங்குகிற டப்பாவை ஒயரோடு தூக்கி, விளக்குத் தாங்கி ஒன்றின் உச்சியில் கட்டி, தாங்கியைக் கைக்கெட்டாத உயரத்துக்கு நீட்டினான். கூட்டம் நான்காம் முறையாக எழுந்தது. அதற்குள் அவர்களுக்கும் இது விளையாட்டாகிவிட்டது, சிலர் கையைக்கூடத் தூக்கி ஆட்டினார்கள். படம் அப்படியே நின்றது. சொற்பொழிவாளர் முகம்தான் வாடிப்போயிருந்தது.

வேறு டப்பா எதுவும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். மனைவியிடம் மேசைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டிக்கைச் சொன்னார், கேபிளைச் சொன்னார். மாத்திரையைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அதை மச்சான் சொன்னான். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நீங்க அவன்கிட்டக் கேட்டது அஞ்சு பேர் காதுல விழுந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவருக்கு யாரும் தட்டு வைக்கவில்லை. அவரே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, செவிலியர் கல்லூரியின் பட்டமளிப்பு. விழாவுக்குப் பத்து நிமிஷம் முன்பு ஐந்து பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் மேசைக்காரர் பேச்சுப் பொத்தானை அமுக்கினார்.

"எல்லாரும் கேளுங்க. மூணு தடவை படம் கறுத்துச்சு. மூணு மேல பழி போட்டேன். அவன் கை நடுங்கல, எப்பவும் நடுங்கினது இல்ல. டப்பாவைச் சரியாப் பாக்காம வாங்கினது நான். பாத்தேன்னு பொய் டிக் போட்டதும் நான். மன்னிச்சுக்கடா."

ஒன்றாம் கேமராக்காரர் தொண்டையைக் கனைத்தார். சத்தப் பலகையிலிருந்து மனைவி திரும்பியே பார்க்கவில்லை.

"மூணு ரெடி" என்றது மச்சானின் குரல். "நாளைக்குக் கிடங்குக்குப் போகத்தான் போறேன் அத்தான், வர்றேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் வருவேன். மாத்திரையை எப்படி நிறுத்தணும்னு டாக்டரைக் கேக்கணும். அங்க நீங்களும் வரணும். நீங்கதான் சொல்லணும், கை நடுங்கினதை நான் பாக்கலேன்னு."

"வரேன்."

நூற்றுப் பதினான்கு செவிலியர்கள் உறுதிமொழி எடுக்க எழுந்தார்கள். அவர்களோடு பெற்றோரும் எழுந்தார்கள், மண்டபம் முழுக்க எழுந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நிற்க முயன்றாள். மூன்றாம் கேமரா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முகத்துக்குப் போனது. மேசைக்காரர் பொத்தானை அமுக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். உறுதிமொழி முடியும்வரை, ஒரு நிமிஷத்துக்கும் மேல், அவள் முகம் கலையாமல் இருந்தது.

அன்றிலிருந்து அவர்கள் முறை இது: வாங்குகிற டப்பா மேசைமேல் இருக்கக் கூடாது. பதினான்கு அடித் தாங்கியின் உச்சியில், பக்கச் சுவரோரமாக, கேமரா நடமாடும் இடத்தைப் பார்த்தபடி ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். அங்கிருந்து மேசைவரை கேபிளில் படம் வர வேண்டும். சோதிக்கும்போது நடுவில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அவர்கள் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறை பார்க்க வேண்டும்.